மாதிரி நன்றாக ஓடுகிறதே, பிறகு எதற்கு இவ்வளவு கட்டணம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கல்லூரி மாணவர் ஒருவர் ஆர்டுயினோ என்னும் சிறு மின்னணுப் பலகையில் செய்து கொடுத்த கருவி மேசைமேல் ஒழுங்காக ஓடுகிறது, அதை விற்பனைக்குத் தயாராக்கித் தர, தனியாகத் தொழில் செய்யும் பொறியாளர் பல மாத அவகாசமும் பெருந்தொகையும் கேட்கிறார், ஏமாற்றுகிறாரா?

அவரை எனக்குத் தெரியாது. ஆனால் அதே சந்தேகப் பார்வையை நானும் வேண்டிய அளவு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

புட்டிகளில் திரவம் நிரப்பும் சிறு இயந்திரங்களைச் செய்து விற்பவர் ஒருவர் என்னை அழைத்தார். வேறொருவர் செய்த கட்டுப்பாட்டுப் பலகை, பட்டறையில் அவ்வப்போது உறைந்து நின்றுவிடுகிறது. "புரோகிராமில் ஏதோ பிழை, ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம்" என்று அவரே தீர்ப்பும் எழுதிவிட்டார். நான் நிரலைத் திறக்கவில்லை; 5 வோல்ட் இணைப்பில், மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பை மாட்டினேன். பம்பு மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர் விடுபடும்போதெல்லாம் கூரிய மின்துடிப்பு ஒன்று ஏறி வந்தது. கான்டாக்டரை இயக்கும் கம்பிச்சுருளான காயிலில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று வெட்டினால், காந்தப்புலத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் உயர் மின்னழுத்தமாகத்தான் வெளியே வரும். டிசி காயில் என்றால் குறுக்கே ஒரு டயோடு போதும். இது ஏசி காயில்; மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்து அந்தத் துடிப்பை அடக்கும் ஸ்னபர் வைத்தேன். மோட்டார் கம்பியோடு ஒட்டி ஓடிய சென்சார் கம்பியைப் பிரித்து வேறு வழியில் கொண்டுபோனேன். உறைதல் நின்றது.

பிறகுதான் நிரலைப் பார்த்தேன். ஒவ்வொரு புட்டி நிரம்பியதும் எண்ணிக்கையை, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகமான ஈஈபிராமின் ஒரே முகவரியில் எழுதிக்கொண்டிருந்தது. அந்த அட்மெகா328 சிப்பின் டேட்டாஷீட், அதாவது தயாரிப்பாளர் தரும் விவரக் குறிப்பு, 1,00,000 முறை எழுதுவதற்குத்தான் உறுதி சொல்கிறது. மூன்று வினாடிக்கு ஒரு புட்டி என்றால் 84 மணி நேரத்துக்குள் அந்த எல்லை தாண்டிவிடும். உடனே கெட்டுவிடாது, எப்போது கெடும் என்று சொல்லவே முடியாது, அதுதான் தொல்லை. இன்னொரு இடத்தில், கருவி ஓடிய நேரத்தை எண்ணும் மில்லிவினாடிக் கணக்கைத் தவறாக ஒப்பிட்டிருந்தார்கள். 32 பிட் எண் நிரம்பி மீண்டும் சுழியத்துக்குத் திரும்ப ஏறக்குறைய 49.7 நாள் ஆகும். இடையில் அணைக்காமல் ஓடும் இயந்திரத்தில் அன்றைக்குத்தான் குட்டு வெளிப்படும். மேசைமேல் யார் அத்தனை நாள் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள்?

கட்டணச் சீட்டைப் பார்த்ததும் அவர் கேட்டது: "நாலு சில்லறைச் சாமான் போட்டதற்கா இவ்வளவு?" பணத்தைக் கொடுத்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

மாணவர்களை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் பாய்ந்து வர வேண்டாம். ஆர்டுயினோவையும் பழிக்கவில்லை. 2005இல் இத்தாலியின் இவ்ரியாவில் வடிவமைப்பு மாணவர்களை மனத்தில் வைத்து உருவான பலகை அது. வந்த வேலையை அருமையாகச் செய்கிறது. என் முதல் மாதிரிகளும் பெரும்பாலும் அதில்தான். தெரியாத வாடிக்கையாளர் என்றதும் தொகையை ஏற்றிச் சொல்பவர்களும் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அதனால் உங்கள் பொறியாளரிடம் சும்மா "ஏன் இவ்வளவு" என்று கேட்காதீர்கள். பாதியில் மின்சாரம் போனால் கருவி என்ன செய்யும், சென்சார் கம்பி அறுந்தால் என்ன செய்யும், இந்தச் சிப் கிடைக்காமல் போனால் மாற்று எது என்று கேளுங்கள். 2021இல் சிப் தட்டுப்பாட்டில் மாட்டியவர்களுக்குக் கடைசிக் கேள்வியின் அருமை தெரியும். கோவையாகப் பதில் வந்தால் ஆள் சரி. மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. சில சிப் நிறுவனங்கள் முழு ஆவணத்தைக் கொடுப்பதற்கே நிறுவன மின்னஞ்சல் முகவரி கேட்கின்றன. ஆண்டுக்கு எத்தனை வாங்குவீர்கள் என்று விசாரிக்கின்றன. சில நூறு என்று உண்மையைச் சொன்னால் அப்புறம் பதிலே வராது. சிறு நிறுவனங்களுக்கு உழைப்பவன் பெரிய நிறுவனம்போல் நடிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் பொறியாளர் கேட்கும் மாதங்களில் இந்தக் காத்திருப்பும் கொஞ்சம் இருக்கக்கூடும்.

பணம் கொடுப்பதற்கு முன், சர்க்யூட் வரைபடம், பலகையைத் தயாரிக்கும் ஆலைக்கு அனுப்பும் கெர்பர் கோப்புகள், உதிரிபாகப் பட்டியல், மூல நிரல் ஆகியவை யாருக்குச் சொந்தம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் முன்கூட்டியே கேட்டவர்களுக்கு நான் கொடுத்திருக்கிறேன். வேலை முடிந்தபின் இலவசமாகக் கேட்டவர்களோடுதான் சண்டை.