டெட், பி.எட்., நான்காண்டுப் படிப்பு: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: 2003இல் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தேன். ஓய்வுக்கு இன்னும் 9 ஆண்டு. நானுமா டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுத வேண்டும்?

ஆம். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பு சேர்ந்திருந்தாலும், ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் 2 ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். 5 ஆண்டுக்கும் குறைவாக இருந்தால் டெட் இல்லாமலே ஓய்வு வரை பணியில் இருக்கலாம். பதவி உயர்வு மட்டும் கிடையாது. சிறுபான்மைப் பள்ளிகளின் விஷயம் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது.

பழைய ஆட்களுக்கு விலக்கு இருந்ததே என்கிறீர்கள். தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் (என்.சி.டி.இ.) 2010 ஆகஸ்ட் 23 அறிவிக்கை அப்படித்தான் இருந்தது. ஆனால் 2017இல் கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவைத் திருத்தி, ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும் 2019 மார்ச்சுக்குள் தகுதி பெற வேண்டும் என்றார்கள். அப்போது நம் சங்கங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் கருத்து.

தீர்ப்பை மறுபரிசீலிக்கக் கோரும் சீராய்வு மனுவை நம்பிப் படிக்காமல் இருக்காதீர்கள். மனு போட்டதாலேயே தடையாணை வந்துவிடாது. எந்தத் தாள் என்பதையும் கவனியுங்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை நடத்தும் பணியில் நீடிக்கத் தாள் 1. பட்டதாரி ஆசிரியர் பதவி உயர்வு வேண்டுமென்றால் தாள் 2. முதல் தாளில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என ஐந்துக்கும் தலா 30 மதிப்பெண். தவறான விடைக்குக் கழிவு இல்லை, ஒன்றையும் விடாமல் குறித்துவிட்டு வாருங்கள். இருபது ஆண்டு வகுப்பெடுத்தவர்கள் பெரும்பாலும் சறுக்குவது முதல் பகுதியில்தான். குழந்தை வளர்ச்சி பற்றி எழுதிய உளவியலாளர்கள் பியாஜே, வைகோட்ஸ்கியை மறுபடி எடுத்துப் படியுங்கள்.

கேள்வி: 2013 டெட்டில் 96 மதிப்பெண். இன்னும் வேலை இல்லை. சான்றிதழ் காலாவதியா?

இல்லை. 7 ஆண்டு என்றிருந்ததை 2021இல் ஆயுள் முழுதும் செல்லும் என்று மாற்றினார்கள், 2011இலிருந்தே பொருந்தும்.

சிக்கல் வேறு. முதலில் வெயிட்டேஜ் முறை, அதாவது ஒவ்வொரு தேர்வின் மதிப்பெண்ணுக்கும் ஒரு பங்கு கொடுத்துக் கூட்டுவது: பட்டதாரி ஆசிரியருக்கு டெட் 60, பிளஸ் டூ 10, பட்டம் 15, பி.எட். 15. பிளஸ் டூவில் மதிப்பெண் தாராளமாகக் கிடைக்காத காலத்தில் படித்த மூத்தவர்கள் இதில் அடிபட்டார்கள். 2018இல் அரசாணை 149 வெயிட்டேஜை எடுத்துவிட்டு, தேர்ச்சி பெற்றவர்களுக்கே இன்னொரு போட்டித் தேர்வு வைத்தது. அதன்படிதான் 2024 பிப்ரவரியில் பட்டதாரி ஆசிரியருக்கும் ஜூலையில் இடைநிலை ஆசிரியருக்கும் தேர்வு நடந்தது. நீங்களும் அதை எழுதித்தான் ஆக வேண்டும். தகுதியைத் தீர்மானிப்பது டெல்லி. பணியிடம் எத்தனை என்பது சென்னையில், நிதித்துறை மேசையில். இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதே இல்லை.

கேள்வி: பி.எட். வைத்துத் தொடக்கப் பள்ளிக்குப் போகலாமா?

முடியாது. 2018இல் கவுன்சில் திறந்த கதவை 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் மூடியது. தொடக்கக் கல்விப் பட்டயம்தான் வழி.

கேள்வி: ‘வகுப்புக்கு வர வேண்டாம், தேர்வுக்கு வந்தால் போதும்’ என்கிறது ஒரு பி.எட். கல்லூரி. சேரலாமா?

வேண்டாம். விதிப்படி வகுப்பு வருகை 80%, பள்ளிப் பயிற்சிக்கு 90%. பயிற்சி மொத்தம் 20 வாரம்: முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. இதற்காகத்தான் 2015இல் படிப்பை இரண்டாண்டு ஆக்கினார்கள். பயிற்சியைத் தாளில் மட்டும் முடித்துவிட்டால் இரண்டாண்டு என்பது இரட்டைக் கட்டணம், அவ்வளவுதான். எந்தப் பள்ளிக்கு அனுப்புவார்கள், பாடம் எடுப்பதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று சேரும் முன்பே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.

கேள்வி: நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பைத் தமிழ்நாடு ஏன் எதிர்க்கிறது?

பிளஸ் டூ முடித்ததும் பி.ஏ. பி.எட்., பி.எஸ்சி. பி.எட். என்று சேர்வது புதிய ஏற்பாடு அல்ல, மைசூரு வட்டாரக் கல்வி நிறுவனத்தில் பல்லாண்டாக நடக்கிறது. படிப்பின் வடிவம் நல்லதே. 2020 தேசியக் கல்விக் கொள்கை, 2030க்குள் இதையே குறைந்தபட்சத் தகுதியாக்கச் சொல்கிறது. உரசல் சேர்க்கையில்தான்: தேசியத் தேர்வு முகமை நடத்தும் நுழைவுத் தேர்வு. பட்டப்படிப்பு மதிப்பெண்ணையும் இடஒதுக்கீட்டையும் வைத்து பி.எட். கலந்தாய்வு நடத்தும் மாநிலம், நீட்டைப் பார்த்த பிறகு இதற்குச் சம்மதிக்குமா? 1976இல் 42ஆவது திருத்தம் கல்வியைப் பொதுப்பட்டியலுக்கு, அதாவது ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பட்டியலுக்கு, கொண்டுபோனது. 1993 என்.சி.டி.இ. சட்டத்தால் ஆசிரியர் கல்வியின் அங்கீகாரம் கவுன்சில் கைக்குப் போனது. ஆகவே மாநிலம் மறுக்கலாம், ஆனால் கவுன்சிலின் அங்கீகாரம் இல்லாமல் தன் போக்கில் ஒரு பி.எட். நடத்த முடியாது.