லிங்கன் வக்கீல்: கேள்வி பதில்

கே: 1840களில் இல்லினாய்ஸில் வக்கீல் பிழைப்பு எப்படி இருந்தது?

ப: அலைச்சல்தான். ஆண்டுக்கு 2 முறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், எட்டாவது சர்க்யூட் (பல கவுண்டிகள் சேர்ந்த நீதிமன்ற வட்டாரம்) நீதிபதி ஊர் ஊராகக் கிளம்புவார். லிங்கன் போன்றவர்கள் குதிரையில் கூடவே போவார்கள். வீடு திரும்பப் பல வாரம். ஊருக்குள் கால் வைத்ததும் கட்சிக்காரர்கள் மொய்ப்பார்கள். கதையைக் கேட்ட கையோடு கோர்ட்டில் நிற்க வேண்டியதுதான். பகலில் எதிரெதிரே வாதாடியவர்கள் ராத்திரி சத்திரத்தில் ஒரே கட்டிலில் படுப்பார்கள். நீதிபதி டேவிட் டேவிஸ் 300 பவுண்டு ஆசாமி, அவரோடு யார் பங்கு போடுவது?

கே: துப்பாக்கிச் சண்டை வழக்குகள்?

ப: சினிமாவை மறந்துவிடுங்கள். பெரும்பாலும் கடன் பாக்கி.

கே: ஃபீஸ்?

ப: சாதாரணமாக 5 முதல் 20 டாலர். 1856இல் ஒரு குத்தகைப் பத்திரத்துக்கு 25 டாலர் வந்தது. 15 போதும் என்று 10ஐத் திருப்பி அனுப்பினார். உடனே மகான் ஆக்கிவிடாதீர்கள். அடுத்த ஆண்டே ஃபீஸ் பாக்கிக்காக இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில்வே மேல் கேஸ் போட்டு 5,000 டாலர் கேட்டவரும் அவர்தான்.

கே: பஞ்சாங்கம் காட்டிக் கொலைக் கேஸை ஜெயித்தாராமே?

ப: மூன்றாவது ஆளாகக் கேட்கிறீர்கள். 1858, டஃப் ஆம்ஸ்ட்ராங் வழக்கு. நிலா வெளிச்சத்தில் பார்த்தேன் என்றது சாட்சி. அந்த நேரத்தில் நிலா அடிவானத்தை நெருங்கியிருந்தது. ஃபீஸ் வாங்கவில்லை. போதுமா?

கே: அடிமை முதலாளிக்காக அவர் வாதாடியிருக்கவே மாட்டார், சரிதானே?

ப: வாதாடினார். 1847, கோல்ஸ் கவுண்டி. அடிமை முறை இருந்த கென்டக்கியைச் சேர்ந்த ராபர்ட் மாட்சன், அடிமை முறைக்கு இடமில்லாத இல்லினாய்ஸில் இருந்த தன் நிலத்தில் வேலை செய்யத் தன் அடிமை ஜேன் பிரையன்ட்டையும் பிள்ளைகளையும் கொண்டுவந்தார். திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று பயந்து அவர்கள் ஓடினார்கள். லிங்கன் நின்றது மாட்சன் பக்கம். "தற்காலிகமாகத்தான் கொண்டுவந்தார், இங்கே குடியேற்றவில்லை" என்பது அவர் வாதம். கோர்ட் ஏற்கவில்லை, ஜேனுக்கும் பிள்ளைகளுக்கும் விடுதலை.

கே: மனசாட்சி உறுத்தி வேண்டுமென்றே தோற்றார் என்கிறார்களே?

ப: இதைச் சொல்கிறவர்கள் அவரைக் காப்பாற்றுவதாக நினைக்கிறார்கள். கட்சிக்காரனை உள்ளுக்குள் கைவிட்ட வக்கீல் என்பது அதைவிடப் பெரிய பழி இல்லையா? அப்புறம், அந்த வாதம் ஒப்புக்குச் சொன்னதும் அல்ல. அந்த வழக்கில் சொல்ல இருந்ததே அதுதான். அவர் மகான் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டால் இப்படித்தான் முட்டுக் கொடுக்க வேண்டிவரும்.

கே: எந்தச் சட்டக் கல்லூரி?

ப: எதுவுமில்லை. பிளாக்ஸ்டோன் எழுதிய ஆங்கிலேயச் சட்ட நூலைத் தானே படித்தார்.

கே: ஃபைல்களை எங்கே வைப்பார்?

ப: பாதி தொப்பிக்குள். ஒரு காகிதக் கட்டின் மேல், வேறெங்கும் கிடைக்காவிட்டால் இதில் தேடு என்று எழுதியிருந்தாராம்.

கே: அந்தப் பஞ்சாங்கக் கேஸ்...

ப: மேலே பாருங்கள்.