கிரவுன் ஆயில்: புத்தகத்து லிட்டரா, துளை காட்டும் மட்டமா?

கேள்வி: என்னிடம் பின்சக்கர டிரைவ் உள்ள பழைய பிக்அப் வண்டி இருக்கிறது. போன மாதம் கிரவுன் ஆயில் (பின் ஆக்சிலுக்குள் இருக்கும் கியர் எண்ணெய்) மாற்றினேன். வண்டிப் புத்தகத்தில் 2 லிட்டர் என்று போட்டிருக்கிறது. ஆனால் ஒன்றரை லிட்டர் போனதுமே ஊற்றும் துளை வழியாக வழிந்துவிட்டது. மெக்கானிக் இடது பின்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, மீதி அரை லிட்டரையும் ஏற்றி நட்டைப் போட்டுவிட்டார். இப்போது வலது பின் டிரம்மில் எண்ணெய் கசிகிறது. பிரேக் பிடிப்பும் குறைந்திருக்கிறது. ஆக்சில் முனையில் எண்ணெயைத் தடுக்கும் சீலை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. கூடுதலாக ஏற்றிய எண்ணெயை இறக்காமல் புது சீல் போட்டால் அதுவும் சீக்கிரமே கசியும். அதற்கு முன் ஒன்று: டிரம்முக்குள் எண்ணெய் இருக்கும்போது வண்டியை ஓட்டாதீர்கள், லோடு ஏற்றவே ஏற்றாதீர்கள்.

கசிவது கிரவுன் ஆயில்தானா என்று முதலில் பாருங்கள். டிரம்மைக் கழற்றி விரலில் தொட்டு முகர்ந்தாலே தெரிந்துவிடும். கிரவுன் ஆயில் கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு இருக்கும். பிரேக் ஆயில் நீர்த்தது. தண்ணீர் விட்டால் கரைந்து போகும். பிரேக் ஆயிலாக இருந்தால் கோளாறு வீல் சிலிண்டரில் (டிரம்முக்குள் பிரேக்கைத் தள்ளும் சிறு உருளை) இருக்கிறது, ஆக்சிலில் கைவைக்க வேண்டியதில்லை.

கிரவுன் ஆயில்தான் என்றால், நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான். எண்ணெய் ஊற்றும் ஃபில்லர் துளையின் கீழ் விளிம்புதான் அளவுகோல். வண்டி சமதளத்தில் நாலு சக்கரமும் ஊன்றி நிற்கும்போது எண்ணெய் அந்த விளிம்பைத் தொட்டால் மட்டம் சரி. இடது பக்கத்தைத் தூக்கியதும் ஹவுசிங்கில் (கியர்கள் இருக்கும் ஆக்சில் நடுக்கூடு) இருந்த எண்ணெய் வலது பக்க ஆக்சில் குழாய்க்குள் ஓடியிருக்கும். துளையருகே மட்டம் இறங்கியதால் மேலும் அரை லிட்டர் பிடித்திருக்கிறது. வலது சீல் அன்றைக்கே எண்ணெயில் முங்கியிருக்கும். ஜாக்கியை இறக்கிய பிறகும் மட்டம் துளைக்கு மேலேயே நிற்கிறது.

அப்படியானால் புத்தகம் பொய் சொல்கிறதா? இல்லை. அந்த 2 லிட்டர், காய்ந்த ஹவுசிங்குக்கான கணக்கு. ட்ரெயின் நட்டைத் திறந்தால் பழைய எண்ணெய் முழுவதும் வருவதில்லை. ஆக்சில் குழாய்களிலும் பேரிங் இடுக்குகளிலும் கொஞ்சம் தங்கிவிடும். ஆறிய வண்டியில் வடித்தால் இன்னும் அதிகமாகத் தங்கும். பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, சூடாக இருக்கும்போது வடிப்பது அதனால்தான். எத்தனை லிட்டர் வாங்குவது என்று தெரிந்துகொள்ளப் புத்தகம் பாருங்கள். எங்கே நிறுத்துவது என்பதைத் துளை சொல்லும். சில வண்டிகளில் மட்டம் விளிம்புக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். டொயோட்டா வண்டிகள் பலவற்றில் விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டருக்குள் என்று போட்டிருப்பார்கள். இந்த ஒரு வரியைப் புத்தகத்தில் கட்டாயம் தேடிப் படியுங்கள்.

அரை லிட்டர் கூடினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. ஹவுசிங்குக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் எண்ணெயில் பாதி முங்கிச் சுழன்று, அதை வாரி இறைத்துத்தான் அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனின் பேரிங்குகளை நனைக்கிறது. மட்டம் கூடினால் அது எண்ணெயைக் கடைய ஆரம்பித்துவிடும். சூடு ஏறும், நுரை கட்டும், நுரைத்த எண்ணெயால் பற்களுக்கு இடையே படலமாக நிற்க முடியாது. குறைந்தால் இதைவிட மோசம்: முதலில் காய்வது முன்பக்கப் பினியன் பேரிங். ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வந்தால் மட்டத்தை உடனே பாருங்கள்.

இனி செய்ய வேண்டியது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எண்ணெய் அடங்கப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். ஜாக்கி வேண்டாம், பிட் (வண்டிக்கு அடியில் நின்று பார்க்கும் குழி) இருந்தால் நல்லது. ஃபில்லர் நட்டைத் திறந்து, வழிவது வழியட்டும், சொட்டுவது நிற்கும்வரை பொறுங்கள். பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டுக் கீழ்ப்பக்கமாக மடக்கிப் பாருங்கள்; விளிம்பை ஒட்டியே எண்ணெய் தட்டுப்பட வேண்டும். (அடுத்த முறை ஆயில் மாற்றும்போதும் முதலில் திறக்க வேண்டியது இந்த நட்டைத்தான். எண்ணெயை வடித்த பிறகு இது இறுகிக்கிடப்பது தெரிந்தால் வண்டி அங்கேயே நிற்கும்.)

அடுத்து பிரீத்தர். ஆக்சில் குழாயின் மேலே சின்ன மூடி மாதிரி இருக்கும், பலர் கவனிப்பதே இல்லை. அதில் சேறு அடைத்தால், சூட்டில் விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். மட்டம் சரியாக இருந்தும் கசியும் வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். கழற்றிக் கழுவி, ஊதிப் பார்த்துப் போடுங்கள்.

அதன் பிறகுதான் சீல். ஷாஃப்ட்டில் சீல் உதடு உட்காரும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள்; பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது. பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணெய் ஊறிய பிரேக் லைனரைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. சம்மதிக்காதீர்கள், சூடானதும் உள்ளே ஊறியது வெளியே வரும். இரண்டு பக்கமும் சேர்த்தே புதிதாக மாற்றுங்கள்.

எண்ணெய் பாலும் தண்ணியுமாக வெளுத்து வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. சென்னை மழையில் முழங்கால் நீரில் ஓட்டிய வண்டிகளில் இதைப் பார்க்கலாம்: சூடான ஹவுசிங் சட்டென்று குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி நீரை இழுத்துக்கொள்ளும். அப்போது மட்டம் கூடியதாகக் காட்டும். கூடியதை வழியவிட்டால் மட்டும் போதாது, முழுக்க வடித்து மாற்ற வேண்டும்.

டாப் அப் செய்ய நேர்ந்தால் டப்பாவில் 90 என்று (எண்ணெயின் கெட்டித்தன்மை எண்) இருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஜிஎல்-4 எண்ணெயிலும் அதே எண் இருக்கும். பின் ஆக்சிலில் ஒன்றோடொன்று சறுக்கி ஓடும் ஹைபாய்டு பற்களுக்கு ஜிஎல்-5 தர எண்ணெய் தேவை. வேலை முடிந்து நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் இரண்டு டிரம்களின் உள்பக்கத்தையும் பினியன் சீலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஈரம் தெரிந்தால் பட்டறைக்குத் திரும்புங்கள்.