குத்தவைத்து உட்கார்ந்தால் முட்டி வலிக்கிறதே, என்ன செய்யலாம்?

கேள்வி: எனக்கு வயது 43. ஆறு மாதமாகக் குத்தவைத்து உட்காரும்போதும் எழும்போதும் வலது முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. மாடிப்படி இறங்கும்போது இன்னும் அதிகம். பஸ்ஸில் நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தாலும் ஒரு பிடிப்பு. வீக்கம் இல்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். "பசை வற்றிப்போச்சு, இனிமேல் கீழே உட்காராதே" என்கிறார்கள் வீட்டில். ஆனால் எங்கள் வீட்டில் இருப்பது தரையோடு இருக்கும் கழிப்பறைதான். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா? மார்கழிக்குள் உட்கார்ந்து கோலம் போட முடியுமா?

பதில்: முதலில் அந்தப் பசை விஷயத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உங்களைப் பயமுறுத்துவது அதுதான். நல்ல முழங்காலிலேயே மூட்டுத் திரவம் சில மில்லிதான் இருக்கும். அது எண்ணெய் தீர்ந்த விளக்கு மாதிரி வற்றிப்போவதில்லை. தேய்மானம் வந்த மூட்டில்கூடப் பல நேரம் நீர் கூடத்தான் செய்யும். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது; மூட்டு மடங்கி நீளும்போது இந்தத் திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம் போகிறது. ஆகவே பயந்து அசையாமல் இருப்பதால் முட்டிக்கு நன்மை எதுவும் இல்லை.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், வலி முட்டிச் சில்லுக்கும் அதன் பின்னால் இருக்கும் தொடை எலும்புக்கும் நடுவிலிருந்து வருகிறது என்றே நினைக்கிறேன். தொடையின் முன்தசை இழுக்க, இந்தச் சில்லு தொடை எலும்பின் பள்ளத்தில் மேலும் கீழுமாக வழுக்கும். கால் மடங்க மடங்க, சில்லு எலும்போடு அழுந்தும் விசை ஏறிக்கொண்டே போகும். ஆழமாக உட்காரும்போது உடல் எடையைப் போலப் பல மடங்காகிவிடும். படி இறங்குவது, நெடுநேரம் மடக்கி வைத்துவிட்டு எழுவது, குத்தவைப்பது மூன்றிலும் வலி வருவது இந்தப் பிரச்சினையின் அடையாளம். பெரும்பாலும் எதுவும் கிழிந்திருக்காது. தொடையும் இடுப்பும் தாங்குகிற அளவைவிட முட்டிக்கு வரும் பாரம் கூடிவிட்டது, அவ்வளவுதான். வலி தொடங்கிய சமயத்தில் என்ன மாறியது என்று யோசித்துப் பாருங்கள். மாடி வீட்டுக்குக் குடிவந்தீர்களா, எடை ஏறியதா, நடைப்பயிற்சி நின்றுபோனதா?

முட்டியின் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வு கிழிந்தால் வலி வேறு மாதிரி இருக்கும். முட்டியின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ மூட்டு இடுக்கில் குத்தும், சில சமயம் கால் பாதியில் மாட்டிக்கொண்டு நீட்டவே வராது. உங்களுக்கு அது இல்லை, அதனால் இப்போதைக்கு எம்.ஆர்.ஐ. வேண்டாம். 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் முழங்காலை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஜவ்வில் கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியே இருக்கவில்லை. ஸ்கேனில் எதையாவது பார்த்துவிட்டு, வலிக்குக் காரணம் அதுதான் என்று மனம் உடைந்து வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சரி, செய்ய வேண்டியது என்ன? குத்தவைப்பதை நிறுத்தாதீர்கள், அளவைக் குறையுங்கள். முதல் மூன்று நான்கு வாரம் கழிப்பறையில் துளையுள்ள ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள். அரிவாள்மனையைத் தூக்கி மேடைக்கு மாற்றுங்கள். துணி துவைக்க முக்காலி. முட்டிக்கு இது ஓய்வு அல்ல, கொஞ்சம் அவகாசம்.

அந்த அவகாசத்தில் தசையை ஏற்ற வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் பாதி உட்கார்ந்த அளவுக்கு இறங்கி 30 விநாடி நில்லுங்கள், ஐந்து முறை. வலித்தால் இன்னும் மேலே நிற்கலாம். அப்புறம் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து, மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக உட்காருங்கள். பத்துப் பத்தாக மூன்று தடவை. ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நேராகத் தூக்கி இறக்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இடுப்புத் தசை பலவீனமானால் உட்காரும்போது முட்டி உள்பக்கம் சாயும். இது எல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.

வலியே இல்லாமல் செய்ய வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பத்துக்கு மூன்று வரை வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் அது பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் செய்ததில் பாதியாகக் குறையுங்கள். முட்டி நெறுநெறுவென்று சத்தம் போட்டால், வலி இல்லாதவரை கவலைப்பட வேண்டியதில்லை.

எளிதாக வந்ததும் தலையணையை எடுங்கள். பிறகு உயரம் குறைந்த ஸ்டூல், அதற்கடுத்து முக்காலி, கடைசியில் மணைப்பலகை. கடைசிப் படிக்கு நான் சொல்லித்தருவது ஜன்னல் கம்பிதான். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, பின்னால் சாய்ந்தபடி முழுதாகக் குத்தவையுங்கள். எடையில் கொஞ்சத்தைக் கை வாங்கிக்கொள்ளும். குதிகால் தரையைவிட்டு எழும்பினால் கெண்டைக்கால் இறுகியிருக்கிறது என்று அர்த்தம், பாரம் முன்னங்காலுக்கும் முட்டிக்கும் போகும். சுவரில் கைவைத்துக் காலைப் பின்னால் நீட்டிக் கெண்டையைத் தளர்த்தும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள்.

தைலமும் முட்டி உறையும் அன்றைய வலிக்குத் துணை, அவற்றால் தசை வளராது. எடை கூடுதலாக இருந்தால் கொஞ்சம் குறைந்தாலே தெரியும். தேய்மானம் உள்ள, எடை கூடியவர்களிடம் அளந்தபோது, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிக்கு நான்கு கிலோ பாரம் குறைவது தெரிந்தது.

முட்டி திடீரென வீங்கினால், சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால், காலை ஊன்றவே முடியாமல் போனால், கால் மாட்டிக்கொண்டால், காலையில் அரைமணிக்கு மேல் விறைப்பும் விரல் மூட்டுகளில் வலியும் இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

மார்கழிக் கோலம்? பலம் ஏற எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். இது புரட்டாசி, இன்று தொடங்கினால் நேரம் இருக்கிறது. மார்கழி முதல் வாரம் நின்று குனிந்தே சின்னக் கோலமாகப் போடுங்கள். அடுத்த வாரம் மணையில் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துகொள்ளுங்கள். பெரிய புள்ளிக் கோலத்தைப் பொங்கலுக்கு வைத்துக்கொள்ளலாம்.