சக் ஷுல்டினர் எதைக் கைவிட்டார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஹெவி மெட்டலின் மிகத் தீவிர வகைகளான எக்ஸ்ட்ரீம் மெட்டல் பற்றிய உங்கள் கட்டுரையில் சக் ஷுல்டினரின் டெத் இசைக்குழுவின் பிற்கால ஆல்பங்களை உயர்த்திச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1987-ல் வந்த ‘ஸ்க்ரீம் பிளடி கோர்’, அடுத்த ஆண்டு வந்த ‘லெப்ரசி’ இரண்டிலும் இருந்த முரட்டுத்தனம்தான், உறுமும் குரலும் கனத்த கிதாரும் கொண்ட டெத் மெட்டலின் உயிர். 1991-ன் ‘ஹியூமன்’ தொடங்கி அது வித்தை காட்டும் இசையாகிவிட்டது. ஆல்பத்துக்கு ஆல்பம் ஆட்களை மாற்றிக்கொண்டே இருந்ததை ஓர் இசைக்குழு என்று சொல்லத்தான் முடியுமா?

க.

அன்புள்ள க.,

ஆள் மாற்றம் பற்றிய கேள்வியிலேயே மற்றதற்கும் விடை இருக்கிறது. ஃப்ளோரிடாவின் ஆர்லண்டோ பகுதியில் 1983-ல் மான்டாஸ் என்ற பெயரில் தொடங்கியதிலிருந்து 1998-ன் கடைசி ஆல்பம் வரை இக்குழுவில் மாறாமல் இருந்தவர் சக் ஷுல்டினர் ஒருவரே. முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் தவிர, கிதார், பேஸ், குரல் எல்லாமே அவருடையவை. ஒவ்வோர் ஆல்பத்துக்கும் தனக்குத் தேவையான ஒலி எதுவோ, அதை வாசிக்கக்கூடியவரை அவர் தேடிப் பிடித்தார் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

‘ஹியூமன்’ அதற்குச் சரியான சான்று. சினிக் என்ற மெட்டல் குழுவிலிருந்து வந்த கிதார் கலைஞர் பால் மாஸ்விடலும் டிரம்ஸ் கலைஞர் ஷான் ரைனர்ட்டும், ஜாஸையும் ராக்கையும் கலக்கும் ஜாஸ் ஃப்யூஷனில் ஊறியவர்கள். ரைனர்ட்டின் கால்கள் இரட்டை பேஸ் டிரம்மில் இடைவிடாமல் ஓட, கைகள் சிம்பல்களில் மிக நுட்பமான வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும். ஆனால் எட்டுப் பாடல்களும் சேர்ந்து சுமார் 34 நிமிடங்கள்தான். வித்தை காட்ட விரும்பியவர்கள் இவ்வளவு சுருக்கமாக முடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். 1993-ன் ‘இன்டிவிஜுவல் தாட் பேட்டர்ன்ஸ்’ ஆல்பத்தில் ஸ்டீவ் டிஜார்ஜியோ ஃப்ரெட் (சுரங்களைப் பிரிக்கும் குறுக்குக் கம்பி) இல்லாத பேஸ் கிதாரை வாசித்தார். டெத் மெட்டலில் பெரும்பாலும் கிதார்களுக்கு அடியில் அமுங்கிப்போகும் பேஸ், இங்கே தனிக் குரலாக வழுக்கிக்கொண்டு மேலெழுகிறது.

நீங்கள் போடும் எல்லைக்கோட்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. முதல் ஆல்பத்தின் பாடல்வரிகள் பிணங்களும் ஜோம்பிகளும் நிறைந்தவை. உங்களுக்குப் பிடித்த ‘லெப்ரசி’யிலேயே ‘புல் த பிளக்’ என்ற பாடல், கருவிகளின் துணையால் மட்டுமே உயிரோடு வைக்கப்பட்டிருக்கும் ஒருவனின் மன்றாட்டாக ஒலிக்கிறது. 1990-ன் ‘ஸ்பிரிச்சுவல் ஹீலிங்’ சமூகத்தின் பக்கம் திரும்பியது. கிதார் கலைஞர் ஜேம்ஸ் மர்ஃபியின் சோலோக்கள் வழியாக மெலடியும் உள்ளே வந்தது. ‘ஹியூமன்’ திடீரென்று முளைத்ததல்ல.

இத்தனை மாற்றங்களுக்கும் நடுவே ஷுல்டினர் விடாமல் பிடித்துக்கொண்டது ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் இசைத்துணுக்கு. 1995-ன் ‘சிம்பாலிக்’ ஆல்பத்தில் ‘கிரிஸ்டல் மவுன்டன்’ பாடலைக் கேளுங்கள். தாளம் எத்தனை முறை மாறினாலும், பாடல் முடிந்தபின் அதன் முதன்மை ரிஃபை நம்மால் முணுமுணுக்க முடிகிறது. கடைசியில் அக்கூஸ்டிக் கிதார் நுழையும்போதும் அது ஒட்டவைத்ததாகத் தெரிவதில்லை. என் கணிப்பில் குழுவின் உச்சம் இந்த ஆல்பம்தான். அடுத்து வந்த ‘த சவுண்ட் ஆஃப் பெர்சிவரன்ஸ்’ ஆல்பத்தில் சில பாடல்கள் பகுதி பகுதியாகப் பிரிந்து நிற்கின்றன. அந்த அளவுக்கு மட்டும் உங்கள் குறையில் நியாயம் உண்டு.

ஆனால் அவர் போய்க்கொண்டிருந்த திசையை அந்த ஆல்பமே காட்டிவிடுகிறது. ஆழத்திலிருந்து உறுமிய குரல் இப்போது கூர்மையான கீச்சலாக மேலே ஏறியிருக்கிறது. ஆல்பம் ஹெவி மெட்டல் குழுவான ஜூடாஸ் பிரீஸ்ட்டின் ‘பெயின்கில்லர்’ பாடலோடு முடிகிறது. 1999-ல் கன்ட்ரோல் டினைட் என்ற புதிய குழுவில் பாடும் பொறுப்பையே டிம் ஐமரிடம் கொடுத்துவிட்டு, ஷுல்டினர் கிதாரோடு நின்றுகொண்டார். ஐமருடையது உறுமல் இல்லாத, மரபான ஹெவி மெட்டல் குரல். சிறுவயது முதல் தான் நேசித்த அந்த இசையை நோக்கித்தான் ஷுல்டினர் ஒவ்வோர் ஆல்பமாக நெருங்கிக்கொண்டிருந்தார். நீங்கள் விலகல் என்று சொல்வதை நான் இப்படித்தான் கேட்கிறேன்.

மூளைத்தண்டில் வந்த கட்டியால் 2001 டிசம்பர் 13 அன்று, 34 வயதில் அவர் இறந்தார். கன்ட்ரோல் டினைட்டின் இரண்டாவது ஆல்பம் பாதியிலேயே நின்றுவிட்டது. அது முழுமையாக வந்திருந்தால், நம் இருவருக்கும் இடையிலான இந்த வழக்கில் அதுவே வலுவான சாட்சியாக இருந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.