டொனெட்ஸ்க்கில் ஆடாத டொனெட்ஸ்க் கிளப்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: உக்ரைன் கால்பந்து கிளப், ஷக்தார் டொனெட்ஸ்க் என்று பெயர். ஆனால் டிவியில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கை அவர்களுடைய ‘ஹோம்’ மைதானம் என்று காட்டினார்களே?

பதில்: டொனெட்ஸ்க்கில் அவர்கள் கடைசியாக ஆடியது 2014 மே 2-ல். மரியுபோல் அணியை 3-1 என்று ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு ஊர் ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகள் கைக்குப் போனது. அங்கே அவர்களுடைய டொன்பாஸ் அரீனா 2009-ல் திறந்த மைதானம். 50,000 பேருக்கு மேல் உட்காரலாம். (2012 யூரோ கோப்பையில் உக்ரைன் அடித்த பந்து கோல் கோட்டைத் தாண்டிய பிறகு இங்கிலாந்தின் ஜான் டெர்ரி வெளியே உதைத்துத் தள்ள, கோல் கிடைக்காமல் போனதே, அது நடந்தது இங்கேதான்.) அதே 2014 ஆகஸ்டில் குண்டுவீச்சில் மைதானம் சேதமானது.

முதலில் மேற்கு மூலையில் உள்ள லிவிவ், 2017-ல் கார்கிவ், 2020-ல் கீவ் என்று மாறினார்கள். 2022-ல் முழுப் போர் வந்ததும் உள்நாட்டு லீக் மட்டும் உக்ரைனுக்குள்; ஐரோப்பிய ஆட்டங்களுக்கு போலந்தின் வார்சா, பிறகு ஜெர்மனியில் ஹாம்பர்க், பிறகு கெல்சன்கிர்சென். வான்வழி மூடியிருப்பதால் ரயிலிலோ பஸ்ஸிலோ போலந்துக்குப் போய், அங்கிருந்துதான் விமானம். சொந்த மைதானத்தில் ஆடுவதற்கே எல்லை தாண்ட வேண்டும். எதிரணிக்கு அன்று பயணம் இவர்களைவிடச் சுலபம்.

கேள்வி: லீக் ஆட்டத்தின் நடுவே சைரன் ஒலித்தால்?

பதில்: நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார். இரு அணியும் பதுங்குமிடத்துக்குப் போகும். அபாயம் நீங்கியது என்று அறிவிப்பு வந்ததும் மறுபடி வார்ம்-அப், நிறுத்திய நிமிடத்திலிருந்து ஆட்டம். தசைக்கு இது கெடுதல்: சூடாகி, ஆறி, மறுபடி சூடாக வேண்டும். 2022 ஆகஸ்டில் ரூக் லிவிவ் – மெட்டலிஸ்ட் ஆட்டம் இப்படி நான்கு மணி நேரத்துக்கு மேல் இழுத்தது.

கேள்வி: மைதானமும் இல்லை, டிக்கெட் வசூலும் இல்லை. பணம் எங்கிருந்து வருகிறது?

பதில்: 1996 முதல் தலைவராக இருக்கும் ரினாத் அக்மெதோவ் பெரும் பணக்காரர். இது பாதி பதில்தான். மீதி, ஆட்டக்காரர்களை விற்கிற கலை. 2004 முதல் 2016 வரை பயிற்சியாளராக இருந்த ருமேனியாக்காரர் மிர்ச்சா லூச்செஸ்கு வகுத்த வழி இது. பின்வரிசைக்கு உக்ரைன்காரர்களும், கேப்டன் டாரியோ ஸ்ர்னா போன்ற குரோஷியரும். முன்வரிசைக்கு இளம் பிரேசில்காரர்கள். லூச்செஸ்குவுக்குப் போர்த்துகீசிய மொழி தெரியும், அதனால் வந்தவர்கள் சீக்கிரம் ஒட்டிக்கொண்டார்கள். சில வருடம் ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீகில் காட்டி, நல்ல விலைக்கு விற்றார்கள். ஃபெர்னாண்டினோ 2005-ல் வந்தார். 2013-ல் மான்செஸ்டர் சிட்டி அவருக்குக் கொடுத்தது சுமார் 4 கோடி யூரோ. 2009-ல் இஸ்தான்புல்லில் ஜெர்மனியின் வெர்டர் பிரெமனை 2-1 என்று வென்று யுயேஃபா (ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு) கோப்பை எடுத்தபோது, இரண்டு கோலும் பிரேசில் கால்களிலிருந்துதான்: லூயிஸ் அட்ரியானோ, ஜாட்சன்.

போர் வந்ததும் அந்த வரத்து மெலிந்தது. சொந்த அகாடமி பையன் மிகைலோ முத்ரிக்கை 2023 ஜனவரியில் இங்கிலாந்தின் செல்சிக்கு விற்றார்கள். ‘10 கோடி யூரோ’ என்று தலைப்பு வந்ததே, அதை அப்படியே நம்ப வேண்டாம். 7 கோடி நிச்சயத் தொகை. 3 கோடி, நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டும். நாடு விட்டு நாடு விற்கும்போது தொகையில் 5 சதவீதம் பிடித்து, 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பதும் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி. 7 கோடிக்கு அது 35 லட்சம்.

கேள்வி: 2022-ல் வெளிநாட்டு வீரர்கள் சும்மா போய்விட்டார்களா?

பதில்: கிட்டத்தட்ட. உக்ரைனில் உள்ள வெளிநாட்டினர் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்துவிட்டு வேறு கிளப்பில் சேரலாம் என்று 2022 மார்ச்சில் ஃபிஃபா அனுமதித்தது. ஜூனில் இன்னொரு வருடம் நீட்டித்தது. உயிருக்கு அஞ்சுபவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விற்பதற்கு வைத்திருந்த சரக்கு விலையின்றிக் கைமாறியது. ஷக்தார் சுமார் 4 கோடி யூரோ நஷ்டஈடு கேட்டு லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. 2023 ஜனவரியில் மனு தள்ளுபடி. இப்படி மெலிந்த அணிதான் அந்த சீசனில் ஜெர்மனியின் லைப்சிக் அணியை அதன் ஊரிலேயே 4-1 என்று அடித்தது.

கேள்வி: ஷக்தார் தப்பித்தது, இன்னொரு உக்ரைன் கிளப்பான நிப்ரோ ஏன் அழிந்தது? மைதானம் சொந்த ஊரிலேயே இருந்ததே?

பதில்: இருந்தது. 2015 மே மாதம் வார்சாவில் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக் இறுதியாட்டம்வரை வந்து, ஸ்பெயினின் செவியாவிடம் 3-2 என்று தோற்ற அணி அது. கெடுத்தது பாக்கி. முன்னாள் பயிற்சியாளர் ஹுவாண்டே ராமோஸ் குழுவுக்குத் தர வேண்டிய பணத்தைத் தரவில்லை. உரிமையாளர் இகோர் கொலோமொய்ஸ்கி கைவிரித்துவிட்டார். 2016-ல் யுயேஃபா தடை, பிறகு ஃபிஃபா புள்ளிகளை வெட்டியது, 2017-ல் மூன்றாம் அடுக்குக்கு இறக்கம். அதற்கு முன்பே 2015-ல் நட்சத்திர ஆட்டக்காரர் கொனோப்ளியான்கா, ஒப்பந்தம் முடிந்து ஒரு காசு வரவில்லாமல் செவியாவுக்கே போனார். விற்க வேண்டிய நேரத்தில் விற்காததன் விலை இது. 2019-ல் கிளப் கலைந்தது.

கேள்வி: ‘ஷக்தார்’ என்றால்?

பதில்: சுரங்கத் தொழிலாளி. நிலக்கரி ஊர்; சின்னத்திலும் குறுக்காக இரண்டு சுத்தியல்.