வேக்ஃபீல்டை வாசிப்பது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூசிலாந்துக் குடியேற்றம் குறித்த உங்கள் கட்டுரையைப் படித்தபின், பிரிட்டிஷ் குடியேற்றங்களுக்குக் கோட்பாடு வகுத்த எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்டின் ‘சிட்னியிலிருந்து ஒரு கடிதம்’ நூலைத் தேடி வாசித்தேன். சிட்னியைக் கண்ணால்கூடப் பார்க்காமல், லண்டன் சிறையில் இருந்தபடி அவர் அதை எழுதினார் என்று பிறகு தெரிந்தபோது ஏமாற்றமாக இருந்தது. மரண தண்டனைக்கு எதிராக எழுதியவரும் இவர்தான் என்கிறார்கள். இவரை எப்படி வாசிப்பது?

கா.

அன்புள்ள கா.,

உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. பதினைந்து வயதுச் செல்வந்தர் வீட்டுப் பெண்ணை 1826-ல் வஞ்சகமாக அழைத்துச் சென்று மணந்துகொண்ட குற்றத்துக்காக வேக்ஃபீல்ட் நியூகேட் சிறையில் மூன்றாண்டுகளைக் கழித்தார். நீங்கள் படித்த நூலும், மரண தண்டனை பற்றி 1831-ல் வெளியான நூலும் அந்தச் சிறைவாசத்தில் விளைந்தவை. ஒன்றை மட்டும் படித்தால் அவர் பிடிபடமாட்டார்.

1831-ஆம் ஆண்டு நூலில் அவர் நேரில் கண்டவர்கள் இருக்கிறார்கள். தூக்குக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சிறைக் கோயிலில் கறுப்பு வண்ணம் பூசிய அடைப்புக்குள் தண்டனை பெற்றவர்களை உட்காரவைத்துப் பிரசங்கம் செய்வார்கள். அந்தக் காட்சியை அவர் எழுதியிருக்கும் விதம் இன்றும் உள்ளத்தை உலுக்குகிறது. களவுக்கும் உயிரையே விலையாகக் கேட்டால் பொருளைப் பறிகொடுத்தவர் வழக்குத் தொடுக்கத் தயங்குவார், ஜூரிகளும் குற்றவாளி என்று சொல்லத் தயங்குவார்கள், ஆகவே தண்டனையின் கடுமையைவிட அதன் நிச்சயமே குற்றத்தைத் தடுக்கும் என்ற அவரது வாதம், அந்த மனிதர்களின் அருகில் இருந்து பார்த்ததால் வந்த வாதம்.

சிட்னிக் கடிதத்தில் அந்தப் பார்வை இல்லை. மரமும் நிலக்கரியும் நிறைந்த பெருநிலம் இருந்தும் வேலைக்கு ஆள் நிற்காததால் தவிக்கும் கற்பனை நிலக்கிழார் ஒருவர் அதில் பேசுகிறார். நிலம் மலிவாகக் கிடைப்பதால் கூலிக்காரன் சீக்கிரமே நில உடைமையாளனாகிவிடுகிறான். எனவே அவன் சில ஆண்டுகளாவது கூலிக்கு உழைத்தாக வேண்டிய அளவுக்கு அரசு நிலத்தின் விலையை உயர்த்தி, அந்தப் பணத்தில் புதிய தொழிலாளர்களைக் கப்பலேற்ற வேண்டும் என்பதே வேக்ஃபீல்டின் ‘போதுமான விலை’க் கோட்பாடு. இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதற்காகவே அவரைப் படிக்க வேண்டும் என்பேன். 50,000 பவுண்டு மதிப்புள்ள பொருள்களோடும் ஆட்களோடும் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் ஆற்றங்கரைக்குப் போன குடியேறி தாமஸ் பீல், கடைசியில் படுக்கை விரிக்கவும் ஆற்றில் தண்ணீர் மொண்டு வரவும் ஆளில்லாமல் நின்ற கதையை அவர் எழுத, மார்க்ஸ் அதை ‘மூலதனம்’ முதல் தொகுதியின் கடைசி அத்தியாயத்தில் எடுத்தாண்டார். மூலதனம் என்பது பொருள் அன்று, மனிதருக்கிடையிலான உறவு என்பதை வேக்ஃபீல்டின் வாயாலேயே மார்க்ஸ் சொல்லவைத்தார்.

அவர் எழுத்தில் என்னை உறுத்துவது வேறொன்று. விற்கப்படும் நிலம் யாருடையது? அவருடைய கருத்துகளை ஒட்டி 1834-ல் இயற்றப்பட்ட தென் ஆஸ்திரேலியச் சட்டம், அந்த நிலத்தை யாரும் குடியிராத தரிசு என்றே குறிப்பிட்டது. அதன் தலைநகரான அடிலெய்டு எழுந்த இடத்திலோ கௌர்ணா என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நியூசிலாந்தில் பூர்வகுடிகளான மாவோரிகளுக்குப் பத்தில் ஒரு பங்கை ஒதுக்க, அவர் கருத்துகளை ஒட்டி நிலம் வாங்கி விற்ற நியூசிலாந்துக் கம்பெனி திட்டமிட்டது உண்மை. அவர்களுடைய நிலத்தை அவர்களுக்கே ஒதுக்கும் உரிமை கம்பெனிக்கு எப்படி வந்தது என்ற கேள்விக்கு அந்தத் திட்டத்தில் பதில் இல்லை. 1839-ல் வேக்ஃபீல்டின் தம்பி வில்லியம் கம்பெனியின் சார்பில் துப்பாக்கிகளையும் கம்பளிகளையும் சிவப்பு இரவுத் தொப்பிகளையும் குடைகளையும் கொடுத்து, இன்றைய வெலிங்டன் துறைமுகத்தைச் சுற்றிய நிலத்தை வாங்கினார். மொத்தம் இரண்டு கோடி ஏக்கர் வாங்கிவிட்டதாகக் கம்பெனி உரிமை கோரியது. பின்னர் அரசு நியமித்த நில ஆணையர் வில்லியம் ஸ்பெயின் விசாரித்தபோது அந்தக் கோரிக்கைகளில் பெரும்பாலானவை நிற்கவில்லை.

குடியேற்றக் கலை பற்றிய 1849-ஆம் ஆண்டு நூல் உட்பட, அவருடைய முக்கியமான நூல்கள் அனைத்தும் அவர் நியூசிலாந்தில் கால் வைப்பதற்கு முன்பே வெளிவந்துவிட்டன. 1853-ல் அங்கே போனார்; அடுத்த ஆண்டு இறுதியில் நோய்வாய்ப்பட்டு ஒதுங்கியவர், 1862-ல் வெலிங்டனில் இறக்கும்வரை பொதுவாழ்வுக்குத் திரும்பவில்லை.

முதலில் 1831-ஆம் ஆண்டு நூலைப் படியுங்கள், பிறகு சிட்னிக் கடிதத்துக்குத் திரும்புங்கள். அதோடு அந்த 1839 கிரயப் பத்திரத்தையும் பாருங்கள். நிலத்தை விற்றதாகச் சொல்லப்பட்ட தே புனி முதலான தலைவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன.